பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நாமும் நிற்போம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



தளி, அஞ்செட்டி பக்கத்திலிருந்து வந்த அக்காமார்களுக்கு பஸ் நேரம் ஆகிறது என்று தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குக் கடனைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ பேசப் போவதில்லை. நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அந்தப் பள்ளிக்கூடத்தில் நமக்கென்று சட்டம் போட்டு வைத்திருக்கிற நாற்காலியைப் பற்றியும்தான் பேசப் போகிறோம். அந்த நாற்காலியின் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. சில ஊர்களில் 'ஸ்கூல் கமிட்டி' என்றுதான் சொல்கிறோம்.

நமக்கு இது புதுசு இல்லை

தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது எந்த மாவட்டத்தில் என்று தெரியுமா? 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆக, மாநிலம் முழுக்கப் பரவிய ஒரு வேலைக்கு நம்ம மண்தான் நாற்றங்கால்.

இத்தனை வருஷத்தில் நாம் என்னென்ன கற்றுக்கொண்டோம்? வட்டமாக உட்கார்ந்து பேசக் கற்றோம். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம் எழுதக் கற்றோம். தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வைத்தோம். வங்கி மேனேஜர் முன்னால் போய் நின்று பேசினோம். ஒரே ஆளே தலைவியாக இருக்கக்கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் பழகினோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வேண்டிய தகுதி இவ்வளவுதான். பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆங்கிலம் வேண்டியதில்லை. ஆனாலும் நம் குழுக்களில் போய்க் கேட்டால், "அது டீச்சருங்க பாத்துக்குவாங்க, நமக்கெதுக்கு?" என்ற பதில்தான் அதிகம் வருகிறது. அந்தப் பதிலை மாற்றுவதற்காகத்தான் இந்தப் பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ல் நாடாளுமன்றம் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் படிப்பு உரிமை என்று சொன்ன சட்டம் அது. அதில் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது.

அந்தப் பிரிவில் நாம் மனதில் வைக்க வேண்டியவை மூன்று. முதலாவது, குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். மூன்றாவது, தாழ்த்தப்பட்ட, பழங்குடி, ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்களோ அந்த விகிதத்தில் அவர்களுடைய பெற்றோருக்கும் இடம் இருக்க வேண்டும். 

தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களை எல்லா அரசுப் பள்ளிகளிலும் புதிதாக அமைத்தார்கள். அதற்கு முன்பு, 2022 மார்ச் 20-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்கப் பெற்றோர் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் போயிருப்பீர்கள். அப்போது ஒரு குழுவுக்கு 20 பேர். அதில் 15 பேர் பெற்றோர். மீதி ஐந்து இடம் தலைமை ஆசிரியர், ஒரு ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர் இருவர், கல்வியில் அக்கறையுள்ள உள்ளூர்க்காரர் ஒருவர். அந்தக் கடைசி இடத்துக்கு நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள் வரலாம். 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு.

இன்னொன்று. குழுவின் தலைவர் பதவி பெற்றோரில் ஒரு பெண்ணுக்குத்தான். ஆண்கள் போட்டியிட முடியாத நாற்காலி அது. அதில் நாம் உட்காரவில்லை என்றால் நம் பெயரில் வேறு யாராவது உட்காருவார்கள். அதுவும் நடக்கிறது. மனைவி பெயர் பலகையில், கூட்டத்துக்கு வருவது புருஷன்.

பெற்றோர் ஆசிரியர் கழகமும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றல்ல. கழகம் பள்ளிக்கு நன்கொடை சேர்த்து உதவி செய்கிற பழைய அமைப்பு. மேலாண்மைக் குழு சட்டத்தில் பிறந்தது. பள்ளி நடப்பைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் அதன் வேலை. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாய் வரை ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று விதி இருக்கிறது. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்குச் செலவாக வேண்டும். பணம் சரியாக வரும் ஆண்டும் உண்டு, தாமதமாகும் ஆண்டும் உண்டு. வந்ததா, வந்தது என்ன ஆயிற்று என்று கேட்கிற உரிமை குழுவுக்கு உண்டு. 

ஒரு அக்காவின் ஆறாண்டுக் கணக்கு அல்ல, இரண்டாண்டுக் கணக்கு

சட்டத்தைச் சொன்னால் மறந்துபோகும். நடந்ததைச் சொன்னால் நிற்கும். கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிற அக்காவைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் ஊர்ப் பெயரும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. ரோஜாப் பண்ணையில் பூ அறுக்கிற வேலை. குழுவில் பத்து வருஷத்துக்கு மேல் உறுப்பினர், இரண்டு முறை பிரதிநிதி.

2022-ல் அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் குழு அமைக்கக் கூட்டம் போட்டார்கள். தலைவி பதவிக்கு ஊரில் கொஞ்சம் வசதியான ஒரு வீட்டுப் பெயரைச் சொல்லி, "எல்லாருக்கும் சம்மதந்தானே" என்று முடிக்கப் பார்த்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து குழுப் பெண்கள் இந்த அக்கா பெயரையும் சொன்னார்கள். கொஞ்ச நேரம் சலசலப்பு. அப்புறம் கையைத் தூக்கச் சொன்னார்கள். இவருக்குத்தான் கை அதிகம். ஏன் தெரியுமா? முந்தின வாரமே குழுக் கூட்டத்தில் பேசி, எந்தெந்த வீட்டில் அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, பண்ணை வேலைக்கும் கம்பெனி ஷிப்டுக்கும் போகிறவர்களை அன்றைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். தேர்தல் அன்றைக்கு நடப்பது பாதிதான். மீதிப் பாதி அதற்கு முந்தின வாரமே நடந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் சில மாதம் அவருக்கு வந்த வேலை கையெழுத்துப் போடுவது மட்டும்தான். பதிவேடு வீட்டுக்கே வரும். "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்பார்கள். மூன்றாவது தடவை அக்கா சொன்னாராம்: "சார், எங்க குழுவுல படிச்சுக் காட்டாம யாரும் கையெழுத்துப் போடமாட்டோம். நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துக்கு வர்றேன், எல்லாரும் இருக்கும்போது படிங்க." அதிலிருந்து மாதக் கூட்டம் உண்மையான கூட்டமாக நடந்தது. தலைமை ஆசிரியருக்கும் முதலில் சங்கடம்தான். பிறகு அவரே, "நீங்க தீர்மானம் போட்டுக் கொடுத்தா எனக்கும் மேல பேச வசதி" என்று சொல்லிவிட்டார்.

முதலில் எடுத்த வேலை கழிப்பறை. கட்டடம் இருந்தது, தண்ணீர் இல்லை. மோட்டார் எரிந்துபோய்க் கிடந்தது. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதத்தில் மூன்று நான்கு நாள் பள்ளிக்கே வராமல் இருந்தார்கள். காரணத்தை வாத்தியாரிடம் அவர்கள் சொல்லவில்லை. அம்மாக்களிடம் சொன்னார்கள். குழு தீர்மானம் போட்டது, ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனு கொடுத்தது, ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தது. பொங்கல் கழிந்துதான் மோட்டார் வந்தது. தாமதம்தான், ஆனால் வந்தது.

அடுத்தது பஸ். எட்டாம் வகுப்பு முடித்தால் உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தூரம். காலை பஸ் வருவதற்குள் அங்கே முதல் பீரியட் முடிந்துவிடும். பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். அப்புறம் பூப்பண்ணை, இல்லையென்றால் கல்யாணப் பேச்சு. குழு போக்குவரத்து டிப்போவுக்கு மனு எழுதியது. காலை பஸ் நேரத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். சாயந்திரப் பஸ் சரியாகவில்லை. அதனால் அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டில் போய் நின்று பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். அந்த ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள். சுற்றுச்சுவர் கேட்டார்கள், அது கடைசி வரை கிடைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2024-ல் அவருடைய மகள் எட்டாம் வகுப்பு முடித்தாள். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால்தான் பெற்றோர் என்ற முறையில் குழுவில் இருக்க முடியும். பதவி போயிற்று. அக்கா சும்மா இருக்கவில்லை. மகள் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் நின்றார். அங்கே தலைவி ஆகவில்லை, உறுப்பினர் ஆனார். "தலைவியா இருந்தாத்தான் பேசணும்னு இல்லையே" என்று சிரிக்கிறார். நடுநிலைப் பள்ளியில் அவர் இடத்துக்கு வந்ததும் குழுப் பெண்தான். 

லண்டனில் ஒரு தேர்தல்

இந்த மாதிரிப் பள்ளித் தேர்தலில் பெண்கள் நிற்பது நேற்று இன்று வந்ததல்ல. சென்னைக்குப் போனவர்கள் பெசன்ட் நகர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அன்னி பெசன்ட் அம்மையார் பெயரில் அமைந்த இடம் அது. இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டும் என்று 1916-ல் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியவர், 1917-ல் காங்கிரஸின் முதல் பெண் தலைவர் ஆனவர் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அதற்கெல்லாம் முன்பே அவர் ஒரு பள்ளி வாரிய உறுப்பினர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் 1847-ல் லண்டனில் பிறந்தவர். 20 வயதில் ஒரு பாதிரியாரோடு கல்யாணம். இரண்டு குழந்தைகள். ஒத்துவராமல் 1873-ல் வீட்டை விட்டு வெளியேறினார். அவருடைய கருத்துகள் சரியில்லை என்று சொல்லி 1878-ல் நீதிமன்றம் மகளை அவரிடமிருந்து பிரித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டது. அந்த வலியோடுதான் அவர் பொது வேலைக்கு வந்தார்.

1888-ல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு பெரிய தீப்பெட்டிக் கம்பெனி. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். கூலி குறைவு. பேசினால் அபராதம், தீக்குச்சி கீழே விழுந்தால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸ் பட்டுத் தாடை எலும்பு அழுகுகிற நோய் வேறு. பெசன்ட் இதைப் பத்திரிகையில் எழுதினார். ஜூலை மாதம் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அபராதங்களை ரத்து செய்ய வைத்தார்கள், சங்கமும் அமைத்தார்கள். 

அதே ஆண்டு நவம்பரில் லண்டன் பள்ளி வாரியத் தேர்தல் வந்தது. அந்த நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடப் பெண்களுக்கு 1918-ல்தான் உரிமை கிடைத்தது, அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஆனால் பள்ளி வாரியத்துக்கு 1870-லேயே பெண்கள் நிற்கலாம் என்று கதவு திறந்திருந்தது. பெசன்ட் அந்தத் தொழிலாளர் பகுதியில், டவர் ஹாம்லெட்ஸ் என்ற தொகுதியில் நின்றார். 15,000-க்கும் மேல் ஓட்டு வாங்கி முதலிடத்தில் வந்தார். 

வாரியத்தில் அவர் பேசியது என்ன? பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது, அதனால் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றார். பள்ளிக் கட்டணத்தை எடுக்க வேண்டும் என்றார். பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். வாரியத்தின் கட்டட வேலைகளை எடுக்கிற காண்டிராக்டர் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்றார். எல்லாம் அவர் இருந்த மூன்று ஆண்டில் நடந்துவிடவில்லை. கூலி நிபந்தனை வாரியத்தில் நிறைவேறியது. கட்டணமில்லாப் படிப்புக்கு 1891-ல் சட்டம் வந்தது. பள்ளிச் சாப்பாட்டுக்கு 1906-ல் சட்டம் வந்தது. அதற்குள் அவர் 1893-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தார். 1933-ல் அடையாறில் காலமானார். 

ஒரு பள்ளி வாரியத்தில் ஒருவர் எழுப்புகிற கேள்வி, அவர் பதவி முடிந்த பிறகும் வேலை செய்கிறது. அதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னோம்.

நம் ஊரிலும் அப்படித்தான். 1920-ல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. ஒரு உள்ளூர் மன்றத்தின் தீர்மானம் அது. 1956-ல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதில் சமைக்கிற வேலைக்கு வந்தவர்கள் யார்? நம்மைப் போன்ற குழுப் பெண்கள். சமையல் கரண்டி நம் கையில் வந்த மாதிரி, தீர்மானப் புத்தகமும் நம் கையில் வர வேண்டாமா?

நம் பகுதிக்கு என்று தனிப் பிரச்சினைகள்

மற்ற மாவட்டத்துக்கு எழுதின திட்டம் நமக்கு அப்படியே பொருந்தாது. காரணம் நாலு.

முதலில் மொழி. நம் வீடுகளில் தமிழ் உண்டு, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, உருது உண்டு. பள்ளிக் கூட்டம் நடக்கும்போது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, மொழி வரவில்லை, அவ்வளவுதான். குழுவில் இரண்டு மொழி தெரிந்த ஒரு பெண் இருந்தால், அவருடைய பேச்சையும் தீர்மானத்தில் ஏற்றிவிடலாம்.

இரண்டாவது, வெளியூர்க் குடும்பங்கள். சிப்காட்டுக்கும், கல் குவாரிக்கும், செங்கல் சூளைக்கும், பூப்பண்ணைக்கும் பீகார், ஒடிசா, அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பத்தோடு வருகிறார்கள். "சர்டிபிகேட் இல்லை" என்று அந்தப் பிள்ளைகள் சந்துகளில் திரிகிறார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகவோ ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனியாகப் பயிற்சி கொடுக்கவும் சொல்கிறது. வாடகைக்கு வந்த வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருக்கிறதா என்று வாத்தியாரைவிட நமக்குத்தான் முதலில் தெரியும்.

மூன்றாவது, ஷிப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. வீட்டில் மூத்த பெண் பிள்ளைதான் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி விட்டு அப்புறம் பள்ளிக்கு வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள், அப்புறம் நாலு நாள் வரமாட்டாள், அப்புறம் பெயரே இருக்காது. அக்கம்பக்கத்துக் குழுப் பெண் ஒருவர் அங்கன்வாடி திறக்கிற வரை அந்தச் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்காது. இதற்கு அரசாணை வேண்டியதில்லை.

நான்காவது, குழந்தைத் திருமணம். இதை மூடி மறைக்க வேண்டாம், நம் மாவட்டத்தில் இது இருக்கிறது. 18 வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கல்யாணப் பேச்சு தொடங்குவதற்கு முன்னால் பள்ளிக்கு வராமல் நிற்பது தொடங்குகிறது. தொடர்ந்து பத்து நாள் வராத பெண் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடும். மீறிப் போனால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம், சொன்னவர் பெயர் வெளியே வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேல்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியிலும் ஆனேக்கல்லிலும் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் இப்படிப்பட்ட உதவிகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். எங்கே சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். தெரியாமல் இழக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

நாங்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும். நான் நிக்கலாமா?"

நிற்கலாம். படிப்புத் தகுதி எதுவும் சட்டத்தில் இல்லை. படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டுப் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

"கேள்வி கேட்டா என் பிள்ளையை வாத்தியார் பழி வாங்கிட்டா?"

இந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாகக் கேட்காதீர்கள் என்கிறோம். கூட்டத்தில், நாலு பேராக, தீர்மானமாகக் கேளுங்கள். வாத்தியார் நமக்கு எதிரி இல்லை. அவருக்கும் ஆள் பற்றாக்குறை, வேலைப் பளு எல்லாம் உண்டு. பிள்ளையை அடிப்பதும், மனம் நோகப் பேசுவதும் சட்டப்படி கூடாது. பள்ளி விஷயமாக ஏதும் சொல்ல வேண்டுமென்றால் 14417 என்ற உதவி எண் இருக்கிறது.

"மாசக் கூட்டத்துக்குப் போனா அன்னிக்குக் கூலி போகுமே?"

போகும். அதை மறைக்க முடியாது. சில குழுக்கள் இதற்கு ஒரு வழி செய்திருக்கின்றன. அந்த அரை நாளுக்கு வீட்டு வேலையையோ மாட்டையோ இன்னொரு உறுப்பினர் பார்த்துக்கொள்கிறார். கூட்டத்தை வேலை முடிந்து வருகிற நேரத்தில் வைக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, மாற்றிக்கொண்ட ஊர்களும் உண்டு.

"பஞ்சாயத்துத் தலைவரே இல்லாதபோது கமிட்டி என்ன செய்யும்?"

2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அப்போதும் பள்ளி மேலாண்மைக் குழு கலையவில்லை. உள்ளாட்சி உறுப்பினர் இடம் காலியாக இருந்தாலும் பெற்றோர் இடம் காலியாவதில்லை. அப்படிப்பட்ட காலத்தில்தான் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களின் குரலாகக் குழு நிற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போனதும் மறந்துவிடாமல் இருக்கச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஊக்குநர்கள் தங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில், எந்த உறுப்பினரின் பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் படிக்கிறது என்று பட்டியல் எழுதுங்கள்.

2. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று பள்ளியில் கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத தலைவி இருந்தால் அவர் வீட்டுக்கே போய் அறிமுகம் ஆகுங்கள். அவர் தனியாக இருக்கிறார் என்பதுதான் பல நேரம் பிரச்சினை.

3. அடுத்த முறை குழு அமைக்கும்போது நிற்கப்போவது யார் என்று இப்போதே பேசி வையுங்கள். ஒருவர் மட்டும் போதாது, இரண்டு மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பத்துப் பெண்ணாகவும், ஒருவர் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் அம்மாவாகவும் இருந்தால் நல்லது.

4. உறுப்பினராக இருப்பவர்கள் மாதக் கூட்டத்தில் மூன்று கேள்வியை விடாமல் கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகள் யார்? மானியம் வந்ததா, எதற்குச் செலவானது?

5. போட்ட தீர்மானத்தை கிராம சபையில் கொண்டுபோய் வையுங்கள். நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகல் இல்லாத மனு காற்றில் எழுதிய கணக்கு.

சகோதரிகளே, நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் இருக்கிறோம். கல்யாணம் என்று சொல்லி நிறுத்தப்பட்டவர்களும் இருக்கிறோம். அன்றைக்கு நமக்காகக் கேட்பதற்கு அந்தப் பள்ளியில் ஒரு அம்மாவும் உட்கார்ந்திருக்கவில்லை. இன்றைக்கு அந்த இடத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது, உங்கள் ஊராட்சியிலிருந்து எத்தனை பேர் குழுவில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடு வாருங்கள். சேமிப்புக் கணக்கைப் படிக்கிற மாதிரி அதையும் இந்த மேடையில் படிப்போம்.